கயாக்கில் ஃபிஷ் ஃபைண்டர் வேலை செய்யவில்லையா? பேட்டரியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறை

நீருக்கடியில் இருக்கும் மீனையும் ஆழத்தையும் ஒலியால் கண்டறிந்து திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் முரண்டு பிடிக்கத் தொடங்கியதும் பெரும்பாலோர் நேராகச் செட்டிங்ஸுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். உணர்திறனைக் கூட்டுவது, குறைப்பது, அலைவரிசையை மாற்றுவது என்று குடைந்து முடித்தபின், எது முதலில் எப்படி இருந்தது என்பதே மறந்துபோகிறது. கயாக்கில் கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். பேட்டரி, வயர் இணைப்பு, டிரான்ஸ்டியூசர் (ஒலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) பொருத்தப்பட்டிருக்கும் விதம் ஆகிய மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை செட்டிங்ஸ் பக்கமே போகாதீர்கள். திரையுள்ள கருவியே கெட்டுப்போயிருக்கும் என்பது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும்.

நான் கயாக் இறக்குவது டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரை ஒட்டிய ஏரிகளில், குறிப்பாக டிராவிஸ் ஏரியில். கொலராடோ ஆற்றின் குறுக்கே மான்ஸ்ஃபீல்ட் அணை கட்டியதால் உருவான நீர்த்தேக்கம் அது. (கிராண்ட் கேன்யன் வழியே ஓடும் கொலராடோ அல்ல; இது டெக்சாஸின் ஆறு.) நிறைந்திருக்கும்போது அணையருகே ஆழம் 50 மீட்டரைத் தாண்டும், கிளை ஓடைகளுக்குள் நுழைந்தால் இடுப்பளவு நீர்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும் கருவிக்கு எல்லாக் குழப்பமும் வரும் என்பதால் உதாரணங்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. ஒரு மலிவான மல்டிமீட்டர், உதிரி ஃபியூஸ், பழைய பல் துலக்கும் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஈயக்குண்டு கட்டிய 10 மீட்டர் கயிறு. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கருவி செய்யும் வேலை எளிமையானது. டிரான்ஸ்டியூசர் ஒலித் துடிப்பை நீருக்குள் அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறது. நன்னீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர். 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13, 14 மில்லி விநாடி ஆகும். அந்த நேரத்தைத்தான் கருவி ஆழமாக மாற்றிக் காட்டுகிறது. பிளாஸ்டிக்கின் வழியே இந்த ஒலி ஓரளவு கடந்துவிடும். காற்று குறுக்கே வந்தால் கடக்காது, மெல்லிய காற்றுப் படலம்கூட ஒலியைத் திருப்பி அடித்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## படி 1: திரை எரியவில்லை, அல்லது நடுவில் அணைகிறது

இந்தச் சோதனையைக் கரையிலேயே முடியுங்கள். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டைப் பாருங்கள். இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே எண் இரண்டு வகைப் பேட்டரியில் இரண்டு பொருள் தரும். ஓய்வில் இருக்கும் ஈய அமில பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் முழுவதும் சார்ஜ் ஆகியிருக்கிறது, 12.1 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ 13.3-ஐ ஒட்டியே நெடுநேரம் நிற்கும். அது 12.8-க்கு இறங்கிவிட்டால் அடிமட்டத்தை நெருங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் சரிவு செங்குத்தாக இருக்கும். உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரென்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். "நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று அணைந்துவிட்டது" என்ற புகாருக்கு இதுவே முதல் காரணம்.

பேட்டரி சரியாக இருந்தால் அடுத்தது ஃபியூஸ். சிவப்பு வயரில் பேட்டரிக்கு அருகில் இருக்கும். கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பி மாட்டாதீர்கள். உள்கம்பி முனையில் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள், ஒலி வர வேண்டும். புது ஃபியூஸ் கையேட்டில் சொன்ன அளவாகவே இருக்கட்டும். 3 ஆம்பியர் எரிந்துபோகிறதே என்று 10 ஆம்பியர் போடுவது, வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது எல்லாம் கருவியைக் கொன்றுவிடும். ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போனால், வயர் கயாக்கின் மேல்தளத் துளை வழியே நுழையும் இடத்தைத் தடவிப் பாருங்கள். துளையின் விளிம்பு உரசி உரசி உறை கிழிந்திருக்கும்.

கருவி எரிகிறது, வெளிச்சத்தைக் கூட்டினால் மட்டும் அணைகிறது என்றால் இணைப்பில் தடை கூடியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையில் வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். பிறகு திரையில் கருவி காட்டும் வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். பல மாடல்களில் இந்த எண்ணைத் திரை ஓரத்தில் வரவழைக்கலாம். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இடையில் எங்கோ துரு. முனைகளைக் கழற்றிப் பாருங்கள்: பித்தளை மீது பச்சை நிறத்தில் மாவு பூத்திருக்கும், அதன் அடியில் வயரின் செம்பு இழைகள் கறுத்துப்போயிருக்கும். பச்சையைப் பிரஷால் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்தால் போதும். செம்பு கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்து புது முனை பொருத்துங்கள். உப்புநீரில் துடுப்புப் போடுகிறவர்கள் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

திரை கன்னங்கரேலென்று இருக்கிறதா? முதலில் குளிர்கண்ணாடியைக் கழற்றுங்கள். போலரைஸ்டு கண்ணாடி வழியே சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகத் தெரியும். சிரிக்க வேண்டாம், இதற்காகக் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் இருக்கிறார்கள்.

## படி 2: எரிகிறது, ஆனால் ஆழம் வரவில்லை

ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் வருகின்றன, அல்லது எண் மின்னிக்கொண்டே இருக்கிறது. அதைவிடக் குழப்பமானது, கயாக் கரையில் கிடக்கும்போதே திரையில் மீன்கள் நீந்துவது. அது மாதிரி ஓட்டம். கடையில் வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருக்கும் படம். சில கருவிகள் டிரான்ஸ்டியூசர் இணைக்கப்படாததை உணர்ந்தாலே தாமாக அதற்குப் போய்விடும். ஆகவே அதை அணைத்துவிட்டு உடனே கனெக்டரைப் பாருங்கள்.

கனெக்டரைக் கழற்றி உள்ளேயிருக்கும் ஊசிகளை வெளிச்சத்தில் எண்ணுங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் போதும், படம் வராது. நுண்ணிய இடுக்கியால் நிமிர்த்துங்கள். மாட்டும்போது பள்ளமும் மேடும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, நேராக அழுத்தி, பிறகு வளையத்தைத் திருகுங்கள். வலுவோடு திருகித் திணிப்பதில்தான் ஊசிகள் வளைகின்றன.

அடுத்தது, என் பார்வையில் இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமான சோதனை. கயாக் உடலுக்குள் ஒட்டிய டிரான்ஸ்டியூசராக இருந்தால் அதைக் கழற்றியெடுத்து, ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள நீரில், கயாக்கின் பக்கவாட்டில் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள். வாளியில் முக்கிப் பார்ப்பது பயன்படாது; சுவர்களுக்குள் ஒலி மோதி மோதித் தப்பான எண்ணே வரும். தொங்கவிட்ட நிலையில் ஆழம் ஒழுங்காக வந்தால் கருவியும் டிரான்ஸ்டியூசரும் நலம், ஒட்டிய விதத்தில்தான் குற்றம். வரவில்லை என்றால் டிரான்ஸ்டியூசரோ அதன் கேபிளோ போய்விட்டது. சந்தேகத்தைப் பாதியாக வெட்டிவிடும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் விலைக்கு வாங்காதீர்கள்.

ஒட்டியதில் குற்றம் என்றால், கழற்றிய பசையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடுகளவு குழிகள் தென்பட்டால் அவை காற்றுக் குமிழிகள். நடுவில் பளபளப்பாக ஒரு திட்டு இருந்தால் பசை அந்த இடத்தில் உடலைப் பிடிக்கவே இல்லை. பெரும்பாலான கயாக்குகள் பாலிஎதிலீனால் ஆனவை, அதில் எந்தப் பசையும் எளிதில் ஒட்டாது. பழைய பசையை முழுவதும் சுரண்டியெடுங்கள். மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். படகுகளுக்கான பசையைத் தாராளமாக வைத்து, டிரான்ஸ்டியூசரை இலேசாகத் திருகியபடியே அழுத்துங்கள், ஓரங்களில் பசை பிதுங்கி வர வேண்டும். காற்று வெளியேற அதுதான் வழி. ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விடுங்கள். பசையோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் மின்பணியாளர்கள் குழாய் வாய்களை அடைக்கப் பயன்படுத்தும் உலராத மக்கை உருட்டி வைத்து அழுத்தலாம். வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டையான, ஒற்றைச் சுவராக உள்ள பகுதியைப் பாருங்கள். சில கயாக்குகளின் சுவர் மூன்றடுக்கு. நடு அடுக்கு நுரை. நுரை என்றால் காற்று. அந்த வகையில் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஒலி வெளியே போகாது. அதேபோல், பக்கவாட்டுப் படம் தரும் 455 அல்லது 800 கிலோஹெர்ட்ஸ் ஸ்கேனிங் டிரான்ஸ்டியூசர்களையும் உள்ளே ஒட்டிப் பயனில்லை. அவை நேரடியாக நீரைத் தொட வேண்டும். வடிகால் துளையிலோ பக்கவாட்டுக் கம்பியிலோ பொருத்துங்கள்.

வெளியே பொருத்தியவர்களுக்கு வேலை சுலபம்: களை சுற்றியிருக்கிறதா, முகத்தில் பாசி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். டெக்சாஸில் இருப்பவர்கள் இதோடு இன்னொன்றையும் செய்ய வேண்டும். டிராவிஸ் ஏரியில் 2017 முதல் ஸீப்ரா மஸல் என்ற அயல்நாட்டுச் சிப்பி இருக்கிறது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. கரையேறும்போது கயாக்கிலும் டிரான்ஸ்டியூசர் குழியிலும் தேங்கிய நீரை முழுவதும் வடித்துவிடுவது சட்டம்.

## படி 3: ஆழம் வருகிறது, ஆனால் தவறாக

முடிச்சுப் போட்ட கயிற்றை எடுங்கள். குண்டை அடிவரை இறக்கி முடிச்சுகளை எண்ணி, திரையோடு ஒப்பிடுங்கள். சில அங்குல வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். திரை சரியாக இரண்டு மடங்கு காட்டினால், ஒலி அடியில் பட்டு, மேற்பரப்பில் பட்டு, மீண்டும் அடியில் பட்டுத் திரும்புகிறது. ஆழம் குறைந்த, பாறை அடியுள்ள ஓடைகளில் இது சாதாரணம். உணர்திறனைக் குறைத்தால் அடங்கும்.

ஆழ எண் சரியாக இருந்தும் அடிப்பகுதி திரையில் காணவில்லை என்றால், ஆழ எல்லை யாரோ கையால் குறித்த அளவில் நிற்கிறது. 5 மீட்டர் என்று குறித்துவிட்டு 12 மீட்டர் நீருக்குப் போனால் அடி எப்படித் தெரியும்? தானியங்கி நிலைக்கு மாற்றுங்கள்.

இப்போதுதான் செட்டிங்ஸுக்குள் நுழையும் நேரம். என்ன மாற்றியிருக்கிறோம் என்பதே தெரியாத நிலையில், குறித்துவைத்த இடங்களை மெமரி கார்டில் சேமித்துவிட்டு, தொழிற்சாலை அமைப்புக்கே திரும்பிவிடுவது மேல்.

## படி 4: திரை முழுவதும் கோடும் புள்ளியும்

மின்மோட்டாரை முடுக்கியதும் கோடுகள் தோன்றி, நிறுத்தியதும் மறைந்தால் காரணம் மோட்டார். ஃபிஷ் ஃபைண்டருக்குத் தனிப் பேட்டரி வையுங்கள், அதன் கேபிளை மோட்டார் வயரிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். பக்கத்துக் கயாக்கில் இதே அலைவரிசையில் இன்னொரு கருவி ஓடினாலும் புள்ளிகள் வரும். அலைவரிசையை மாற்றிக்கொள்வது அல்லது தள்ளிப் போவது தவிர வழியில்லை.

## கோளாறே இல்லாத கோளாறுகள்

"மீன் வில் போல வளைந்து தெரிய வேண்டுமாமே, எனக்குக் கோடுதான் வருகிறது" என்று பலர் கேட்கிறார்கள். கயாக் நின்றிருக்கும்போது மீனும் அடியில் நின்றிருந்தால் நீண்ட கோடுதான் வரும். திரை நகர்வது நேரத்தைக் காட்டுகிறது, தூரத்தை அல்ல. வலது ஓரத்தில் தெரிவது மட்டுமே இந்தக் கணத்தில் உங்களுக்குக் கீழே இருப்பது. நகர்ந்துகொண்டே இருந்தால் வளைவு வரும். வளைவின் ஒரு பாதி மட்டும் வந்தால் டிரான்ஸ்டியூசர் சாய்ந்திருக்கலாம்: நீங்கள் அமர்ந்ததும் பின்பகுதி அமிழ்ந்து முன்பகுதி தூக்கிக்கொள்கிறதா என்று நண்பரைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்டியூசர் அனுப்பும் ஒலி கீழே போகப் போகக் கூம்பு போல விரிகிறது; அந்தக் கூம்பு எவ்வளவு குறுகலானது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 20 டிகிரிக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகலம்தான். அருகில் மீன் துள்ளியும் திரை காலியாக இருப்பது பழுதல்ல.

கோடைக்காலத்தில் நடு ஆழத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஏரி முழுவதும் தொடர்ந்து வரும். மேலே வெந்நீரும் கீழே குளிர்நீரும் பிரியும் அடுக்கு அது. அதை அழிக்க உணர்திறனைக் குறைத்துவிடாதீர்கள். கீழடுக்கில் ஆக்சிஜன் குறைவதால் பாஸ் மீன்கள் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும். அந்தப் பட்டை காட்டும் ஆழமே தூண்டிலை எங்கே நிறுத்துவது என்று சொல்லிவிடுகிறது.

மீன் சின்னங்களை அணைத்துவிடுங்கள். நீரில் மூழ்கிய மரக்கிளையையும் குமிழியையும்கூட அது மீன் என்று வரைந்து தரும்.

## இத்தனைக்கும் மசியவில்லை என்றால்

இதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் அவருடைய டிரான்ஸ்டியூசரைச் சில நிமிடம் கேட்டு வாங்கி உங்கள் கருவியில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் டிரான்ஸ்டியூசரை மட்டும் புதிதாக வாங்கினால் போதும். வாங்கும்போது ஊசிகளின் எண்ணிக்கை உங்கள் கருவியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்; ஒரே நிறுவனத்தின் கருவிகளிலேயே மாடலுக்கு மாடல் மாறும். படம் வராவிட்டால் கருவியை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். டிரான்ஸ்டியூசர் கேபிள் நீளமாக இருக்கிறதே என்று இதற்குள் வெட்டிச் சுருக்கியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்ல வாய்ப்பு அதிகம். மிச்சக் கேபிளை வெட்டாமல் தளர்வாகச் சுருட்டி, கயாக்கின் உட்புறத்தில் கட்டி வையுங்கள்.