ஃப்ளூ பெருந்தொற்று: வீட்டைத் தயார் செய்யும்போது நடக்கும் தவறுகள்

பெருந்தொற்று என்ற பேச்சு கிளம்பியதுமே சேலத்து மளிகைக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பது நல்லதுதான். மூட்டையை இறக்கியதோடு ஆயிற்று என்று இருந்துவிடுவதுதான் தவறு. வீட்டில் ஒருவர் படுத்தால் எங்கே படுக்க வைப்பது, யார் பார்த்துக்கொள்வது? இதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் குடும்பங்கள் குறைவு.

பேசாமல் விட்டால் அந்த வேலை தானாகவே மருமகள் தலையிலோ பாட்டி தலையிலோ விழும். மருமகள் கர்ப்பமாக இருக்கலாம், பாட்டிக்குச் சர்க்கரை இருக்கலாம். 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது கர்ப்பிணிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். ஆகவே திடமான ஒருவர், அது மகனாகவே இருக்கட்டும், பணிவிடைக்கு என்று முடிவாகட்டும். அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் தனியறைக்கு எங்கே போவது? ஜன்னலோரம் பாய் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, படுத்திருப்பவரும் பார்த்துக்கொள்பவரும் முகக்கவசம் போட்டாலே பெரிய உதவி. காய்ச்சல் காணும் முன்பே, ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே, ஃப்ளூ மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அதனால் யாராவது இருமிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது மாத்திரை விஷயம். மெடிக்கலில் போய் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்கண்ணா" என்றால், அட்டையிலிருந்து வெட்டிய மூன்று நான்கு மாத்திரைகள் சின்னக் காகிதக் கவரில் வரும். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று மேலே பேனாக்கோடு இருக்கும். மாத்திரையின் பெயர் இருக்காது. அதில் ஆன்டிபயாடிக் இருந்தால் ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது. பாராசிட்டமால் இருந்து, வீட்டிலும் தனியாக ஒன்று போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரலைத் தாக்கும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்தே இருக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறுக்கு மேல் கூடவே கூடாது. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் என்ற ஆபத்து உண்டு. ஃப்ளூவுக்கென்றே உள்ள ஓசல்டமிவிர் மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும் போடலாம். அறிகுறி தெரிந்த முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

பிரஷர், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோவதும் பலர் மறக்கும் சங்கதி. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வாங்குகிறவர்கள் கடைசி அட்டை வரை காத்திருக்காமல் முன்னதாகவே சொல்லி வைக்கலாம்.

தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்கு ஒத்திப்போடுவது இன்னொரு தவறு. போட்ட பின் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். புதிய வைரஸுக்கான ஊசி வர மாதங்கள் ஆகலாம். 2009இலும் அப்படித்தான் ஆயிற்று. வழக்கமான ஃப்ளூ ஊசி புதிய வைரஸைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. ஆனாலும் முதியவர்களும் இணைநோய் உள்ளவர்களும் ஆண்டுதோறும் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

கஷாயம் குடிக்கட்டும், மிளகு ரசமும் கஞ்சியும் இறங்கட்டும். "ரெண்டு நாள் கஷாயத்துல பாப்போம்" என்று மூச்சுத்திணறலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உயிருக்கு வினை. மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, உதடு நீலம் பாய்வது, இறங்கிய காய்ச்சல் இருமலோடு திரும்புவது, குழந்தை எதுவும் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 94க்குக் கீழே காட்டினாலும் அப்படியே.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே அடைபடும். 108க்கு எந்த இடத்தில் நின்றால் போனில் சிக்னல் கிடைக்கும், ஆம்புலன்ஸ் எதுவரை ஏறி வரும், அங்கே வரை நோயாளியை யார் வண்டியில் கொண்டுவந்து சேர்ப்பார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.