எடை மெஷினை விடுங்கள், இன்று நடந்தீர்களா?

பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் மட்டும் நாளைக் காலை என்ன செய்வது என்று தெரிந்துவிடாது. அந்த இலக்கை முதலில் உங்கள் கையில் இருக்கும் வேலையாக மாற்றுங்கள்: 'பல் துலக்கியதும் ஷூ போட்டுக்கொண்டு 20 நிமிடம் தெருவில் நடப்பேன்'. எதற்கு அப்புறம், எங்கே, எவ்வளவு நேரம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'இனிமேல் ஒழுங்காக நடப்பேன்' என்பதெல்லாம் கணக்கில் வராது.

காலண்டரில் குறிப்பது நடை போன நாளை மட்டும்தான், எடையை அல்ல. உடம்பில் தங்கும் தண்ணீரைப் பொறுத்து எடை ஒரே நாளில் ஒரு கிலோ வரைகூட ஏறி இறங்கும், அதைப் பார்த்து மனசு விட்டுப்போய் நடையை நிறுத்தியவர்கள் ஏராளம். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். என்னைக் கேட்டால் முதல் மாதம் அதுவும் வேண்டாம்.

ஒரு நாள் விட்டுப்போச்சா? சரி, போகட்டும். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் பழக்கமாக ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் (21 நாளில் பழக்கமாகிவிடும் என்ற கதையை நம்பாதீர்கள்), நடுவில் ஒரு நாள் தவறுவது பெரிதாகப் பாதிப்பதில்லை. மழை, சளி என்று வரும் நாளுக்கு வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம் என்று ஒரு குட்டி அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு மாதம் விடாமல் செய்தும் எடை அசையவில்லை என்றால், அப்போது நேரத்தைக் கூட்டுங்கள், சாப்பாட்டையும் கொஞ்சம் கவனியுங்கள்.