நேர்காணல் எடுப்பது எப்படி: பதிலுக்குப் பிறகு ஐந்து நொடி

எழுத்தாளர், இயக்குநர், ஆய்வாளர் என்று அபூர்வமான வேலை செய்பவர்களிடம் பேசிப் பதிவுசெய்ய நினைப்பவர்களுக்கு இது.

முதலில், அவர் செய்ததைப் படித்துவிட்டோ பார்த்துவிட்டோ போங்கள். 1962இல் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கைப் பேட்டி எடுத்த பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, ஒரு வாரம் உட்கார்ந்து படம் படமாகக் கேட்டார். படங்களைக் கரைத்துக் குடித்திருந்தால்தான் அது முடியும்.

பதிவுக்குக் கைபேசியே போதும், ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஆனால் சட்டையில் குத்தும் காலர் மைக் கட்டாயம் வேண்டும். ஒலியைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே சேமியுங்கள். பதிவுச் செயலியின் அமைப்பில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்பிதான் ஆகும்.

“ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள்?” என்று தொடங்காதீர்கள். பத்துப் பேரிடம் சொன்ன பதில்தான் வரும். “நேற்று ராத்திரி என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். வௌவால் ஆய்வாளர் ஒருவரிடம் இப்படிக் கேட்டபோதுதான், நம் காதுக்கு எட்டாத வௌவால் குரலைப் பத்து மடங்கு மெதுவாக்கிப் போட்டுக் காட்டினார். அறை முழுக்கக் குருவிச் சத்தம் மாதிரி கேட்டது.

நான் தவறவிட்டதும் அவரிடம்தான். பதிவை வீட்டில் கேட்கிறேன். பேசி முடித்து, மூச்சை இழுத்து, “எங்கப்பா ஒரு தடவை...” என்று ஆரம்பிக்கிறார். அதன்மேல் என் குரல்: “சரி, அடுத்த கேள்வி.” அந்த அப்பா கதை இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்டபோது அவருக்கே நினைவில்லை. அன்றிலிருந்து பதில் முடிந்ததும் மனசுக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன். மூன்றில் சங்கடமாக இருக்கும். தலையைக்கூட ஆட்டாதீர்கள், அவர் முகத்தையே பாருங்கள். பெரும்பாலும் நான்கில் அவரே தொடருவார்.

பதிவைக் கேட்டு எழுத நான் ஓட்ரான்ஸ்கிரைப் (oTranscribe) என்ற இணையக் கருவியைப் பயன்படுத்துகிறேன், இலவசம். தானாக எழுதித் தரும் கருவிகளும் உண்டு. ஆனால் தயக்கமும் பாதியில் நின்ற வாக்கியமும் நாமே கேட்டு எழுதும்போதுதான் பிடிபடும்.

பிற்சேர்க்கை: தொலைபேசியில் ஐந்து நொடி பேசாமலிருந்தால் இணைப்பு போய்விட்டதென்று எதிரில் இருப்பவர் “ஹலோ, ஹலோ” என்கிறார் என்று இதைப் படித்தவர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். எனவே தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: “நடுவில் நான் பேசாமல் இருந்தால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.”