விசி கூலர் வைக்கப் போகிறீர்களா? முதலில் சுவரைப் பாருங்கள்

மதுரையில் கடைகளுக்கு பிரிட்ஜ், விசி கூலர் (கண்ணாடிக் கதவு வைத்த கூல்டிரிங்ஸ் பெட்டி) வேலை பார்க்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. பங்குனியில் வெயில் ஏறியதும் போன் அடிக்க ஆரம்பிக்கும். பாதிப் பேர் எடுத்ததும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, கேஸ் போயிருச்சு போல." போய்ப் பார்த்தால் பத்துக்கு ஏழு கடையில் கேஸ் உள்ளேயே பத்திரமாக இருக்கும்.

பெட்டிக்குள் இருக்கிற சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோகிற கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்துவிட்டுப் போனால், கொடுத்த காசும் அதே ஓட்டை வழியாகப் போய்விடும்.

போன சித்திரையில் உசிலம்பட்டி பக்கம் ஒரு டீக்கடை. பக்கத்திலேயே பஜ்ஜிச் சட்டி, சட்டியிலிருந்து நாலடி தள்ளி விசி கூலர். கடைக்கார அண்ணன் அந்த வருடத்தில் இரண்டு தடவை கேஸ் அடித்திருக்கிறார். கீழே இருக்கிற கம்பித் தட்டியைக் கழற்றினேன். கண்டென்சரின் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணெய்ப் புகையும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து பழைய கம்பளி மாதிரி ஒட்டிக் கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் நீள வாக்கில் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, துணியால் ஒற்றி எடுத்தேன். அரை வாளி கறுப்புத் தண்ணீர். துடைத்துக் காயவிட்டு மெஷினைப் போட்டேன். உள்ளே 14 டிகிரி காட்டிய மீட்டர், நான் இரண்டாவது டீ குடித்து முடிப்பதற்குள் 9-க்கு வந்தது. சாயங்காலம் அண்ணனே போன் பண்ணி "நாலு காட்டுது தம்பி" என்றார்.

இந்தப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம்தான் கண்டென்சர். அந்த வாசல் அடைத்தால் சூடு வெளியே போக வழியில்லை. அப்புறம் கம்ப்ரசர் ராப்பகலாக ஓடியும் கலர் பாட்டில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

அதனால் பெட்டி வாங்கும் முன்பே வைக்கப்போகிற சுவரைப் பாருங்கள். பின்பக்கம் ஒரு ஜாண் இடைவெளி வேண்டும், பக்கத்துக்கு நாலு விரலாவது வேண்டும், மேலே ஓரடி திறந்திருக்க வேண்டும். பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை மேலே அடுக்குவது எல்லாக் கடையிலும் நடக்கிறது, சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மேற்குப் பார்த்த கடை என்றால் மூன்று மணி வெயில் நேராகக் கண்ணாடியில் விழும். அப்படிப்பட்ட கடையில் பெட்டியை உள்ளே தள்ளி வையுங்கள், முடியாவிட்டால் தட்டி கட்டுங்கள். அடுப்பு, மாவு அரைக்கிற மெஷின், ஜெனரேட்டர் இவை பக்கத்தில் வேண்டாம். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் பிளேட்டில் கிளைமேட் கிளாஸ் என்று ஒரு எழுத்து இருக்கும். 'டி' என்றால் சுற்றுப்புறம் 43 டிகிரி வரை தாங்கும். மதுரை மே மாதத்துக்கு அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். தகரக் கூரை போட்ட கடை என்றால் உள்ளே அந்த 43-ஐயும் தாண்டும். அப்போது கூரைக்குக் கீழே ஒரு சீலிங் போடுவது, பெரிய பெட்டி வாங்குவதைவிட மலிவு.

பெட்டி குட்டி யானையில் வந்து இறங்குகிற அன்றுதான் அடுத்த தப்பு நடக்கும். நின்றபடி கட்டிக் கொண்டுவந்திருந்தால் மூன்று நாலு மணி நேரம் பொறுத்து கரண்ட் கொடுக்கலாம். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு முழு நாள் நிற்கட்டும். கம்ப்ரசருக்குள் இருக்கிற ஆயில், படுக்கும்போது குழாய்க்குள் ஓடிவிடும். அது திரும்பி வந்து சேர்வதற்கு முன் போட்டால் கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் ஓடும். கொண்டுவந்த டிரைவர் "போட்டுப் பாருங்கண்ணே, ஓடுதான்னு பாத்துட்டுக் கிளம்பிடுறேன்" என்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நிறுத்தும்போது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். முன்பக்கக் கால்களை மட்டும் துளி உயர்த்தினால், பாதி திறந்த கதவு தானாகப் போய் மூடிக்கொள்ளும். இது சின்ன விஷயம் இல்லை. வாடிக்கையாளர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளாமல் போவதுதான் வழக்கம்.

கரண்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு சேர்த்துச் சொருகியிருப்பார்கள். தனி லைனில், 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டில், எர்த் உள்ள மூன்று பின் பிளக் போடுங்கள். கடைத் தரை ஈரம், பெட்டியோ இரும்பு, தொடுகிறவர்கள் பாதிப் பேர் செருப்பில்லாத பிள்ளைகள். எர்த் இல்லாத கடையில் நான் பெட்டியை ஓடவிட்டுப் போவதில்லை.

ஸ்டெபிலைசர் வாங்கும்போது டைம் டிலே இருக்கிறதா என்று கேளுங்கள். கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரசரின் இரண்டு பக்கமும் பிரஷர் இன்னும் சமமாகியிருக்காது. அந்த நேரத்தில் கிளம்பப் பார்த்தால் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு டக்கென்று ஓவர்லோடு கட் ஆகும். பத்துத் தடவை இப்படி ஆனால் ரிலே போகும், விதி சரியில்லை என்றால் கம்ப்ரசரே போகும். மூன்று நிமிடம் பொறுத்து கரண்ட் கொடுக்கிற ஸ்டெபிலைசர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இல்லாதவர்கள் கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்தபின் ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

முதல் நாள் காலிப் பெட்டியைக் குளிரவிட்டு, சில மணி நேரம் கழித்துச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். வெயிலில் வந்த நாலு பெட்டி கலர் பாட்டிலை ஒரே மூச்சில் அடுக்கினால், அது குளிர மறுநாள் ஆகும். பாட்டில்களுக்கும் பின்சுவருக்கும் நடுவே கைவிரல் நுழைய இடம் விடுங்கள். உள்ளே பேன் ஊதுகிற வாயை அடைக்காதீர்கள். கம்பித் தட்டில் அட்டையோ செய்தித்தாளோ விரித்தால் காற்று மேலேயே நின்றுவிடும். கீழ்த் தட்டில் இருக்கிற தயிர் புளிக்கும்.

எத்தனை டிகிரி வேண்டும்? கலர், தண்ணீர் மட்டும் என்றால் 6, 7 போதும். பால், தயிர், பன்னீர் இருந்தால் 5-க்கு மேல் போகவே கூடாது. பெட்டியின் டிஸ்ப்ளேயை மட்டும் நம்பாதீர்கள், அது சென்சார் இருக்கிற மூலையின் கதையைச் சொல்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். சரக்கின் உண்மையான சூடு அதுதான். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்குத் தெர்மாமீட்டரே வேண்டாம். இட்லி மாவு பாக்கெட் காலையில் உப்பி நின்றால், "தம்பி, பெட்டி சொகமில்ல" என்று போன் பண்ணிவிடுவார். இதுவரை அவர் கணிப்பு தப்பியதில்லை.

பழைய மாடல்களில் 1 முதல் 7 வரை திருகு இருக்கும். அது டிகிரி இல்லை. 7 தான் அதிகக் குளிர். வெயில் காலத்தில் எல்லோரும் 7-க்குத் திருகிவிடுவார்கள். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், உள்ளே குளிர்கிற குழாய்ச் சுருளான காயிலில் பனி உருக நேரமே கிடைக்காது, பனி கட்டியாகி மூடும், பேன் காற்று அதைத் தாண்டி வராது. உள்ளே ஐஸ் மலை இருக்கும், வெளியே பாட்டில் சுடும். "இவ்வளவு ஐஸ் இருக்கே, ஏன் கூலிங் இல்ல?" என்று கேட்பார்கள். ஐஸ் இருப்பதால்தான் கூலிங் இல்லை. அணைத்து, கதவைத் திறந்துவைத்து, ஒரு டேபிள் பேனைக் காட்டினால் சில மணி நேரத்தில் உருகிவிடும். அப்புறம் 4-ல் வையுங்கள்.

ஐஸைக் குத்தி மட்டும் எடுக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து விட்டேன். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், ஊசி முனை அளவு ஓட்டை. அலுமினியக் காயில். புதுக் காயில் வாங்கிப் போட்ட செலவை முதலாளி என் சம்பளத்தில் நாலு மாதம் பிடித்தார். இன்றைக்கும் ஐஸ் பிடித்த காயிலைப் பார்த்தால் அந்தச் சத்தம் காதில் கேட்கும்.

பராமரிப்பு என்று பார்த்தால் பெரிய வித்தை எதுவும் இல்லை. மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு கண்டென்சரைப் பிரஷ் போடுங்கள். ரோட்டோரக் கடை, எண்ணெய்ச் சட்டி உள்ள கடை என்றால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. தகடு வளையாமல் நீள வாக்கில் தேய்க்க வேண்டும். மோட்டாரிலும் ஒயரிலும் தண்ணீர் படக்கூடாது. கதவு ரப்பரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், சிந்திய சர்க்கரைத் தண்ணீர் காய்ந்தால் ரப்பர் ஒட்டிக் கிழியும். ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. நாலு மூலையிலும் பாருங்கள். ரப்பர் நெளிந்துதான் இருக்கிறது என்றால் சுடுதண்ணீரில் நனைத்த துணியை வைத்து நீவிவிட்டால் பெரும்பாலும் படிந்துவிடும்.

கம்ப்ரசர் மேலே அல்லது பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கும். பெரும்பாலான கடைக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து டார்ச் அடித்துக் காட்டும்வரை. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும், அந்தத் தட்டு அதற்குத் தோதான இடம். வாரம் ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். பெட்டிக்கு உள்ளே தண்ணீர் தேங்கினால் வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினாலே போதும்.

கம்ப்ரசர் இருக்கிற கீழ் அறை கதகதப்பாக இருப்பதால் பல்லிக்கும் கரப்பானுக்கும் அது சொந்த வீடு. பல்லி போர்டில் ஒட்டிக் கருகி, போர்டே போன பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். எலி ஒயரைக் கடிப்பதும் உண்டு. ஓட்டையெல்லாம் அடைத்துவிடாதீர்கள், காற்று வேண்டும். மெல்லிய கம்பி வலை போதும், அதையும் மாதம் ஒரு முறை தட்டுங்கள்.

ஐப்பசி மழையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்தால் பயப்பட வேண்டாம், காற்றில் ஈரம் அதிகம், கண்ணாடி ஜில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான். துடைத்துவிடுங்கள். வெயில் காலத்திலும் நாள் முழுக்க வியர்த்தால் ரப்பரையோ, கண்ணாடி வியர்க்காமல் லேசாகச் சூடாக்குகிற ஹீட்டரையோ பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மூடுபனி மாதிரி படிந்தால் சீல் போய்விட்டது, எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்.

சரி, நிஜமாகவே கேஸ் குறைந்திருந்தால் எப்படித் தெரியும்? காயில் முழுக்கப் பனி பிடிக்காமல், கேஸ் நுழைகிற பக்கம் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக இருக்கும். கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிற குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருக்காது. ஆம்ப்ஸ், அதாவது பெட்டி இழுக்கிற கரண்ட், பார்த்தால் பிளேட்டில் போட்டிருப்பதைவிடக் குறைவாக இருக்கும். கண்டென்சர் அடைத்திருந்தால் இதற்கு நேர் எதிர், ஆம்ப்ஸ் ஏறும், கம்ப்ரசரைத் தொட்டால் கை சுடும். வருகிற மெக்கானிக் ஆம்ப்ஸ் பார்க்காமல், கீழ்த் தட்டியைக் கழற்றாமல் "கேஸ்" என்று சொன்னால், "முதலில் கிளீன் பண்ணிப் பார்க்கலாமாண்ணே" என்று கேளுங்கள்.

பிளேட்டில் ஆர்290 என்று இருந்தால் இன்னும் கவனம். அது புரோப்பேன், தீப்பிடிக்கும். பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் 150 கிராமுக்கு மேல் போகாது, சரியாக ஓடும்வரை ஒரு பயமும் இல்லை. ஆனால் கேஸ் உள்ளே இருக்கும்போது அந்தக் குழாயில் பற்றவைக்கிற நெருப்பு டார்ச் வைக்கக் கூடாது. வேலை நடக்கும்போது பக்கத்து பஜ்ஜி அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். தீப்பிடிக்காத கேஸான ஆர்134ஏ போட்ட பெட்டியில் ஆர்290-ஐ மாற்றி அடிப்பதற்கு யாராவது தயார் என்றால் ஆளை மாற்றுங்கள்.

ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போகிற கடைகள் உண்டு. கலரும் தண்ணீரும் மட்டும் என்றால் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. பால் பாக்கெட், மாவு இருந்தால் வேண்டவே வேண்டாம்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் கடையை மூடுகிறீர்கள் என்றால் சரக்கை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, சமையல் சோடா கலந்த தண்ணீரால் உள்ளே துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கீழே தண்ணீர்த் தட்டையும் கொட்டிவிடுங்கள். அப்புறம் கதவிடுக்கில் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு மூடுங்கள். முழுதாக மூடிவிட்டுப் போனால், திரும்பி வந்து திறக்கும்போது அடிக்கிற வாடை பத்து நாள் போகாது.