மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் முதல் ஆண்டில் எலும்பைக் காப்பது எப்படி?

அறுவைச் சிகிச்சை முடிந்து வடசென்னையில் தண்டையார்பேட்டைக்கோ வியாசர்பாடிக்கோ வீடு திரும்புபவரைப் பார்க்க வரும் உறவினர்கள், "கிரியாட்டினின் எவ்வளவு?" என்று, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்த அளவைத்தான் முதலில் கேட்கிறார்கள். எலும்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் எலும்பு மிக வேகமாகத் தேய்வது முதல் 6 முதல் 12 மாதங்களில்தான். டயாலிசிஸ் காலத்தில் அளவுக்கு மீறிச் சுரக்கப் பழகிய பாராதைராய்டு சுரப்பிகள் (இரத்தத்தின் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும், கழுத்தில் உள்ள சிறு சுரப்பிகள்), புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் உடனே அடங்கிவிடுவதில்லை. அவை எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொண்டேயிருக்க, பாஸ்பரஸும் சிறுநீரில் வெளியேற, உடல் மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்கத் தரும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை புதிய எலும்பு உருவாவதையும் குறைத்துவிடுகிறது. இதற்கு அஞ்சி ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தினால், சிறுநீரகத்தையே இழக்க நேரிடும்.

மருத்துவரிடம் செல்லும்போது கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி ஆகிய நான்கின் அளவையும் கேட்டு, தேதியுடன் ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்பதையும் கேளுங்கள்.

"எலும்புக்கு நல்லது" என்று சொல்லி மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்குவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பாராதைராய்டு அடங்காதவருக்கு எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும்போதே இரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கலாம். அதன் மேல் மாத்திரையும் சேர்ந்தால் பாதிக்கப்படுவது மாற்றுச் சிறுநீரகமே. எலும்புத் தேய்மானத்துக்கான பிற மருந்துகளைக்கூட, இரத்த அளவுகளையும் சிறுநீரகத்தின் வேலைத்திறனையும் பார்த்துத்தான் மருத்துவர்கள் தருவார்கள்.

உணவில் கேழ்வரகுக் கூழும் காய்ச்சிய பாலும் நல்லவை. காசிமேட்டு நெத்திலியை நன்கு வேகவைத்து முள்ளோடு உண்ணலாம். கருவாடு வேண்டாம், அதிக உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு, சிறுநீரில் கால்சியத்தையும் வெளியேற்றும்.

விழாமல் இருப்பது மருந்துக்குச் சமம். லாரித் தண்ணீர் வந்ததும் 15 லிட்டர் குடத்தை இடுப்பில் வைத்து, ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்றாம் மாடிக்கு ஈரப் படிகளில் ஏறுவது இங்கே அன்றாட வேலை. நிரம்பிய அந்தக் குடம் 15 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும், நீங்கள் கைப்பிடியைப் பிடித்து வெறுங்கையோடு ஏறுங்கள். மருத்துவர் அனுமதித்தபின் தினமும் நடப்பது எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும்.

தொடை இடுக்கில் வலி தோன்றி, நடக்கும்போது கூடினால், எண்ணெய்க் கட்டுப் போடும் இடத்துக்குச் செல்ல வேண்டாம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இடுப்பு மூட்டில் உள்ள தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் சிதையக்கூடும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம் என்பதால் எம்ஆர்ஐ தேவைப்படும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகளோ ஊசியோ சிறுநீரகத்துக்குக் கேடு. எலும்பு மருத்துவரிடம் உட்கார்ந்ததும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றதைச் சொல்லி, மாத்திரைப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.