விலகி வரும் பெண் முதலில் போக வேண்டிய நீதிமன்றம் எது?

அடித்துத் துன்புறுத்தும் கணவனை விட்டு வர நினைக்கும் பெண்ணிடம் உறவினர்கள் முதலில் கேட்பது, "அப்படியென்றால் விவாகரத்து வாங்கப் போகிறாயா?" என்பதுதான். அதற்கு அவளிடம் இன்னும் பதில் இருக்காது. அதனாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பாதுகாப்புக் கேட்பதற்கு விவாகரத்து வழக்குத் தேவையில்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 என்னும் சட்டத்தின்கீழ் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தால் போதும். திருமணம் செய்யாமல் கணவன் மனைவியைப் போலச் சேர்ந்து வாழ்ந்த பெண்ணும் இதைக் கேட்கலாம்.

கிளம்பப் போவதைக் கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஆபத்து மிகுந்த நேரம் அதுதான். ஆதார், திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நகைகளின் ரசீது அல்லது புகைப்படம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். கைபேசியில் இருப்பிடப் பகிர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். காயத்துக்கு மருத்துவமனைக்குச் சென்றால், "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள், ஏனென்றால் மருத்துவர் எழுதும் அந்த ஒரு வரி பின்னாளில் சாட்சியாகும்.

181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்தால் வழிகாட்டுவார்கள். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், குடும்ப வன்முறை அறிக்கையைப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்புவார். மனு எழுதவும் உதவுவார். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேட்கலாம். காவல் நிலையத்தில் சமரசம் பேசி அனுப்பிவிடுவதும் நடப்பதால், புகார் கொடுத்ததும் மனு ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

சென்னையில் வாழ்ந்த பெண் மதுரையில் தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், மதுரையிலேயே மனுத் தாக்கல் செய்யலாம். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் தொடங்க வேண்டும், 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் வாய்தா நீளும். ஆகவே மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரத்தையும் இணைத்து இடைக்கால உத்தரவு கேட்பதே புத்திசாலித்தனம். எதிர்த்தரப்பு வராமலேயே அதைப் பிறப்பிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. உங்களை நெருங்கக் கூடாது, தொலைபேசியில் தொல்லை தரக் கூடாது என்று தடுக்கும் பாதுகாப்பு உத்தரவு, வசிப்பிட உத்தரவு, செலவுக்கான பணம், குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே மனுவில் கேட்கலாம். வெளியே வந்துவிட்டதால் வீட்டில் வசிக்கும் உரிமை போய்விடாது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் அந்த உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அது பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றம். உத்தரவின் நகலை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள், குழந்தையின் பள்ளியிலும் ஒன்று கொடுங்கள்.

இதற்குப் பிறகுதான் குடும்ப நல நீதிமன்றம். விவாகரத்து, நிரந்தர ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவை அங்கே தீர்மானிக்கப்படும். ஜீவனாம்சம் கேட்கும்போது இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை. அதனால் மனுவைத் தள்ளிப்போடுவது உங்களுக்குத்தான் நட்டம்.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசத்துக்கு முயலச் சொல்வதால், உங்களை ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அது சேர்ந்து வாழக் கட்டளை அல்ல. கணவருடன் ஒரே அறையில் உட்காரப் பயமாக இருந்தால் அதை ஆலோசகரிடமும் நீதிபதியிடமும் வெளிப்படையாகச் சொல்லி, தனித்தனியாகப் பேச வைக்கக் கேளுங்கள். வாய்தா நாளில் நீங்கள் எங்கே, எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்பது அவருக்கும் தெரியும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், கணவர் வளாகத்தை விட்டுப் போன பிறகு கிளம்புங்கள்.