எடை குறைந்த எஃகு: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை சாத்தாங்காடு இரும்பு அங்காடியில் அதிக விலை கொடுத்து வாங்கும் உயர்வலிமைத் தகடும், சாதாரணத் தகடும் ஒரே அளவில் இருந்தால் தராசில் ஒரே எடைதான் காட்டும். இரண்டின் அடர்த்தியும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம். அலுமினியம் மிகுதியாகக் கலந்து அடர்த்தியையே குறைத்த எஃகு வகைகள் உண்டு என்றாலும், நம் பட்டறைகளில் எடை குறைவது தகட்டை மெல்லியதாக்குவதால்தான்.

பெரிய தவறும் அங்கேதான் நிகழ்கிறது. மாதவரம், மணலிப் பகுதிகளில் லாரிக்குப் பாடி கட்டுபவர் ஒருவர், 4 மி.மீ. இ250 (சாதாரண வலிமைத் தரம்) தகட்டுக்குப் பதிலாக 3 மி.மீ. இ450 (உயர்வலிமைத் தரம்) தகட்டைப் போடுகிறார் என்று கொள்வோம். எடையில் கால் பங்கு மிச்சம். வளைவைத் தாங்கும் வலிமையும் ஏறக்குறைய பழைய அளவே. ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், அது பழையதில் 42 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது. எந்தக் கலப்புத் தனிமத்தைச் சேர்த்தாலும், எத்தனை முறை உலையில் வைத்து எடுத்தாலும், இவ்வகை எஃகின் யங் குணகம் (பொருளின் இயல்பான விறைப்பைக் காட்டும் அளவு) 200 கிகா பாஸ்கலை ஒட்டியே நிற்கும். ஆகவே பாரம் ஏற்றும்போது தகடு உடையாது. ஆனால் தொய்யும், அதிரும். ஓரத்தை மடித்தோ, நடுவில் வரிமடிப்புக் கொடுத்தோ வடிவத்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

இத்தகைய தகட்டை கேஸ் கட்டர் கொண்டு சிவக்கக் காய்ச்சி வளைப்பதும் கூடாது. மிகச் சிறிதளவு சேர்க்கப்பட்ட நியோபியம், வனேடியம் போன்றவையும், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி உருட்டியதும் சேர்ந்து உண்டாக்கிய நுண்ணிய படிகங்கள் அந்தச் சூட்டில் பருத்துவிடும்; உடனே தண்ணீர் ஊற்றினாலும் பழைய பதம் திரும்பாது. (டிஎம்டி கம்பியைச் சூடாக்கி வளைக்கும் கட்டட வேலைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.)

ஹார்டனிங் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ சட்டெனக் குளிர்விப்பது) செய்தால் எந்த இரும்பும் கடினமாகும் என்பது வீண் நம்பிக்கை. 0.2 விழுக்காடு கார்பன்கூட இல்லாத மைல்டு ஸ்டீலை எண்ணெயில் தோய்த்துப் பெரிய பயன் இல்லை. எவ்வளவு கடினமாகும் என்பதைக் கார்பன் தீர்மானிக்கிறது. எவ்வளவு ஆழம்வரை என்பதை குரோமியம், மாலிப்டினம், நிக்கல் ஆகியவை தீர்மானிக்கின்றன. மெல்லிய பின்னுக்கு, இம்மூன்றும் கலந்த இஎன்24 எஃகை வாங்குவது, என் பார்வையில், பெரும்பாலும் பண விரயமே.

இஎன்24 தண்டை எண்ணெயில் தோய்த்தபின் டெம்பரிங்கை (நொறுங்கும் தன்மையைக் குறைக்க மீண்டும் மிதமாகச் சூடாக்குவதை) மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. அந்த நிலையில் அது தானாகவே விரிசல் விடக்கூடும். டெம்பரிங் வெப்பநிலை ஏறத்தாழ 250 முதல் 400 டிகிரிக்குள் அமைந்தால் கடினம் குறைந்தும் நொறுங்கும் தன்மை கூடிவிடும்.

எண்ணூர்க் கடற்காற்றில் துரு ஏறும் என்று மிக உயர்ந்த வலிமைகொண்ட 12.9 தரப் போல்ட்டுகளுக்கு ஜிங்க் பிளேட்டிங் செய்பவர்கள், அமிலத் தொட்டியிலும் முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுவதை மறந்துவிடுகிறார்கள். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் நெடுநேரம் சூடுபடுத்தி அதை வெளியேற்றாவிட்டால், சரியாக முடுக்கிய போல்ட்டின் தலைகூட ஓரிரு நாளில், வண்டி ஓடாமல் நிற்கும்போதே, தெறித்து விழக்கூடும்.